துத்தநாக மாத்திரை கல்லீரலில் உள்ள காட்மியத்தை வெளியேற்றுமா?

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக சில்வர் பிரேசிங் வேலை செய்கிறேன். பற்றவைக்கும் கம்பியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருக்கிறது. புகைபிடிக்கும் பழக்கமும் உண்டு. துத்தநாகம், செலினியம் மாத்திரை எடுத்தால் கல்லீரலில் சேர்ந்த காட்மியம் போய்விடுமா?

பதில்: போகாது. காட்மியத்துக்கென்று உடலில் தனி வழி கிடையாது; துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றைக் கடத்தும் புரதங்களின் வழியாகவே அது செல்லுக்குள் நுழைகிறது. கல்லீரலில் அதை மெட்டலோதயோனின் என்ற சிறிய புரதம் பிடித்துவைக்கிறது. ஒரு மூலக்கூறு 7 துத்தநாக அயனிகளைத் தாங்கும். காட்மியம் வந்தால் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். விடுபட்ட துத்தநாகம் அதே புரதத்தை இன்னும் அதிகமாகத் தயாரிக்கும்படி மரபணுவைத் தூண்டும். கல்லீரல் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் இது.

சிக்கலும் இங்கேதான். கட்டுண்ட காட்மியம் அந்தப் புரதத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிந்து சிறுநீரகத்தை அடைகிறது. அங்குள்ள நுண்குழாய்ச் செல்கள் புரதத்தைச் சிதைக்க, காட்மியம் மறுபடி விடுபடுகிறது. சிறுநீரகத்தில் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பு பாதியாகக் குறைய ஆகும் காலம், 10 முதல் 30 ஆண்டுகள். ஆகவே கூடுதல் துத்தநாகம் கட்டிவைக்க உதவலாமே தவிர, வெளியே தள்ளாது.

அளவு மீறினால் வேறு வம்பு. துத்தநாகம் குடல் செல்களிலும் இதே புரதத்தைப் பெருக்கும். அது செம்பைப் பிடித்துக்கொள்ள, நாளடைவில் செம்புக் குறைபாடும் ரத்தசோகையும் வரும். பெரியவர்களுக்கு உச்சவரம்பு நாளுக்கு 40 மி.கி. என்பது அமெரிக்க அளவு. ஐரோப்பாவில் 25 மி.கி. மாத்திரை அட்டையில் தனிமத் துத்தநாகத்தின் அளவைப் பாருங்கள்: 220 மி.கி. துத்தநாக சல்பேட்டில் அது 50 மி.கி. இருக்கும், வரம்பைத் தாண்டிவிடும். செலினியத்துக்கு நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும். குறைபாடு இல்லாதவர் அதைத் தனியாக வாங்கிச் சாப்பிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

பலரும் கவனிக்காதது இரும்பு. சாதாரணமாக உணவில் உள்ள காட்மியத்தில் சுமார் 5 சதவீதமே குடலில் உறிஞ்சப்படும். இரும்புச் சேமிப்பு குறைந்தால் இரும்புக்கான கடத்திகள் பெருகி, காட்மியமும் கூடுதலாக உள்ளே போகும். முதலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குறைவென்றால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு எடுங்கள், துத்தநாகத்தோடு இரண்டு மணி நேர இடைவெளி விட்டு. பெரிட்டின் ஏற்கெனவே அதிகமாக இருந்தால் இரும்பு கல்லீரலுக்கே கேடு.

உங்களைப் பொறுத்தவரை பெரிய வாசல் நுரையீரல். குடலைவிட அங்கே உறிஞ்சுதல் பல மடங்கு அதிகம். காட்மியம் இல்லாத கம்பிக்கு மாறுவதும், பற்றவைப்புப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் வசதியும், சிகரெட்டை விடுவதும் எந்த மாத்திரையையும்விடப் பலன் தரும். உலோகத்தை இழுத்து வெளியேற்றும் சிகிச்சை என்று யாராவது விற்றால் ஏற்காதீர்கள். செல்லுக்குள் கட்டுண்ட காட்மியத்தை அது எட்டுவது அரிது, சிறுநீரகப் பாதிப்பைக் கூட்டவும் கூடும்.

கல்லீரல் என்சைம் பரிசோதனை இயல்பாக இருப்பதை வைத்து நிம்மதி அடையவேண்டாம். ரத்தக் காட்மியம் அண்மைக்கால வரவையும், சிறுநீர்க் காட்மியம் உடலில் சேர்ந்த இருப்பையும் காட்டும். பின்னதை, சிறுநீரில் வழக்கமாக வெளியேறும் கழிவுப்பொருளான கிரியாட்டினினோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 3 மைக்ரோகிராம் காட்மியத்தைத் தாண்டினால் தொழில் மருத்துவரைப் பார்க்கவேண்டும். கூடவே சிறுநீரக நுண்குழாய் பாதிக்கப்பட்டால் சிறுநீரில் கூடும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தையும் பாருங்கள். அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் அது சிதைந்து பொய்யாகக் குறைவு காட்டும். மாதிரி கொடுக்கும்போதே அமிலத்தன்மையைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.