ரயிலில் திருடுபோன லேப்டாப்: முதலில் பூட்ட வேண்டியது எதை?

கேள்வி: போன வாரம் எழும்பூரிலிருந்து கோவில்பட்டிக்கு இரவு ரயிலில் வந்தேன். ஸ்லீப்பர் கோச், சைடு லோயர். லேப்டாப் பையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு விழுப்புரம் தாண்டியதும் தூங்கிவிட்டேன். திண்டுக்கல்லில் விழித்துப் பார்த்தால் பையைக் காணோம். இறங்கிப் புகார் கொடுக்கப் போன இடத்தில், ‘எங்கே போச்சுன்னே தெரியலன்னா எப்படிம்மா எழுதறது, விழுப்புரத்துல போய்க் கொடுங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். லேப்டாப் என் சொந்தக் காசில் இ.எம்.ஐ. போட்டு வாங்கிய விண்டோஸ் லேப்டாப். பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். பையில் வாடிக்கையாளர் ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் (ஆன்லைன் தாக்கலில் கையெழுத்துப் போட உதவும், பென் டிரைவ் மாதிரியான கருவி) இருந்தது. ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? இனி நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஐ.எம்.இ.ஐ. விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது மொபைல் போனுக்கான எண். காணாமல் போன போனை முடக்க மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளம் 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. சிம் போடும் வசதி இல்லாத லேப்டாப்பில் அந்த எண்ணே கிடையாது. லேப்டாப்புக்கு இருப்பது சீரியல் நம்பர் மட்டும்தான். அதை வைத்து எங்கிருந்தோ உட்கார்ந்து யாரும் ட்ராக் செய்ய முடியாது. பிடிபட்ட பத்து லேப்டாப்பில் உங்களுடையது எது என்று போலீஸ் அடையாளம் காண உதவும், அவ்வளவுதான். ‘சீரியல் நம்பர் கொடுங்க, மூவாயிரம் ரூபாய்க்கு இடத்தைச் சொல்றேன்’ என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வேறொரு வரி. ‘பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பல வருடங்களாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். என் மேஜையில் வாரம் இரண்டு தடவையாவது நடப்பதைச் சொல்கிறேன். லேப்டாப்பின் பின்மூடியில் ஏழெட்டுத் திருகுகள் இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே எஸ்.எஸ்.டி., அதாவது ஃபைல்கள் எல்லாம் பதிந்திருக்கும் டிஸ்க், சூயிங்கம் பட்டை அளவுக்குத்தான் இருக்கும், ஒரே ஒரு திருகில் நிற்கும். அதை எடுத்துக் கைக்கு அடக்கமான ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும். உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரைத் தொட்டால், இதைத் திறக்க அனுமதி இல்லை என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும். அந்தப் பெட்டியிலேயே ‘கன்டினியூ’ பட்டனும் இருக்கும். அதை அழுத்தினால் முடிந்தது, உங்கள் பாஸ்வேர்டை யாருமே கேட்கவில்லை. போர்டு எரிந்துபோன லேப்டாப்பிலிருந்து கல்யாண ஆல்பத்தை இப்படித்தான் மீட்டுக் கொடுக்கிறேன். திருடனும் இதையேதான் செய்வான்.

இதைத் தடுப்பது என்க்ரிப்ஷன் ஒன்றுதான், அதாவது டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது. விண்டோஸில் அதன் பெயர் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’. புதிய லேப்டாப் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே அது தானாக இயங்கத் தொடங்கியிருக்கும், நமக்கே தெரியாது. உங்களுடையதில் இருந்ததா என்று லேப்டாப் கையில் இல்லாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போங்கள். டிவைசஸ் பகுதியில் அந்த லேப்டாப்பின் பெயரில் 48 இலக்க ரெக்கவரி கீ (என்க்ரிப்ஷனைத் திறக்கும் சாவி எண்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது, கொஞ்சம் மூச்சு விடலாம். இல்லை என்றால் எல்லாம் வெளியே போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். திருட்டு லேப்டாப் கை மாறிக்கொண்டே இருக்கும், யாரிடம் எப்போது திறக்கப்படும் என்று சொல்ல முடியாது.

போனை எடுத்து முதலில் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். செக்யூரிட்டி பக்கத்தில் உங்கள் சாதனங்களின் பட்டியல் இருக்கும், அதில் அந்த லேப்டாப்பைத் தேர்ந்து ‘சைன் அவுட்’ கொடுங்கள். மெயில் யார் கையில் இருக்கிறதோ, மற்ற எல்லாப் பாஸ்வேர்டும் அவர் கையில் இருக்கிற மாதிரிதான். அதனால்தான் மெயில் முதலில். அப்புறம் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு. வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய் லேப்டாப்பை வெளியேற்றுங்கள், டெலிகிராம் இருந்தால் அதிலும் அப்படியே. நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். கணக்கிலிருந்து ஒரு ரூபாய் போனாலும் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அந்தப் பணத்தை வழியில் நிறுத்த முடியுமா என்பது எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

இனி உங்கள் தொழிலுக்கே உரிய ஆபத்து. ஆடிட்டர் அலுவலக லேப்டாப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் வருமான வரி, ஜி.எஸ்.டி. லாகின் எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கும். பக்கத்திலேயே எல்லோருடைய பான், ஆதார் நகலும் இருக்கும். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் அந்தப் பாஸ்வேர்டு ஒவ்வொன்றையும் மாற்றியாக வேண்டும். டோக்கனைத் திறக்க பின் நம்பர் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நம்பரை டோக்கன் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டும் பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். கையெழுத்துச் சான்றிதழை வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி அதை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். இதற்கு அந்த வாடிக்கையாளருக்கும் உங்கள் ஆடிட்டருக்கும் விஷயம் தெரிந்தாக வேண்டும். சொல்லப் பயமாகத்தான் இருக்கும். இன்னும் சொல்லவில்லை என்றால் தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளைக்கு அந்தக் கையெழுத்தில் ஏதாவது தாக்கலாகி அவர்களுக்குத் தெரியவருவதைவிட, இன்று நீங்கள் வாங்கும் திட்டு எவ்வளவோ மேல்.

சரி, போலீஸுக்கு வருவோம். உங்களை விழுப்புரத்துக்குப் போகச் சொன்னது தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். மறுபடியும் மறுத்தால் புகாரை எழுதித் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.) அனுப்பலாம். ரயில்வே போலீஸ் எஸ்.பி. அலுவலகம் சென்னையிலும் திருச்சியிலும் இருக்கிறது.

ரயில் திருட்டை விசாரிப்பது இருப்புப்பாதை காவல் நிலையம், அதாவது மாநிலப் போலீஸ். ஸ்டேஷனில் நிற்கும் ஆர்.பி.எஃப்., அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை, மத்திய அரசின் படை. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைகிறார்கள். இனி யாருக்காவது இப்படி நடந்தால் ரயிலிலிருந்து இறங்கக்கூட வேண்டாம். ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்துச் சொல்லிவிட்டு, டி.டி.ஆரிடமோ காவலுக்கு வரும் போலீஸாரிடமோ எஃப்.ஐ.ஆர். படிவம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தால் போதும்.

புகாரில் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள், எழுதச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘திருடப்பட்டது’ என்றே எழுதுங்கள். தொலைந்த பொருளை யாரும் தேடுவதில்லை. பயணிகள் வண்டியிலிருந்து பொருளைத் திருடுவது, குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தால் அதோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம். இன்ஷூரன்ஸ் இருந்தால் அவர்கள் கேட்பது எஃப்.ஐ.ஆர்.தான். பி.என்.ஆர்., கோச், பெர்த் எண், கடைசியாகப் பையைப் பார்த்த ஸ்டேஷன், காணோம் என்று தெரிந்த ஸ்டேஷன், லேப்டாப்பின் சீரியல் நம்பர், மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், ஓரத்தில் இருந்த கீறல் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சீரியல் நம்பர் பெட்டியிலும் பெரும்பாலும் பில்லிலும் இருக்கும். இடைப்பட்ட ஸ்டேஷன்களின் சி.சி.டி.வி. பதிவைப் பார்க்கச் சொல்லி அழுத்திக் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் இதில் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

ரயில்வேயிடம் நஷ்டஈடு கேட்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். நாமே கையில் கொண்டுபோகும் சாமானுக்கு, ரயில்வே ஊழியர்களின் கவனக்குறைவை நிரூபித்தால் ஒழிய அவர்கள் பொறுப்பில்லை. பயணியின் உடைமை திருடுபோவது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று உச்ச நீதிமன்றமும் 2023 ஜூனில் சொல்லிவிட்டது. வாரன்டியிலும் திருட்டு அடங்காது. இ.எம்.ஐ.யை மட்டும் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும், நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும்.

லேப்டாப் இருக்கும் இடம் தெரியுமா என்றால், ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ முன்பே இயங்கியிருந்தால் வாய்ப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கின் அதே டிவைசஸ் பக்கத்தில் பாருங்கள். லேப்டாப்பை யாராவது நெட்டில் இணைத்தால்தான் இடம் காட்டும். சுற்றியுள்ள வைஃபையை வைத்துக் கணக்கிடுவதால் தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. ‘லாக்’ கொடுத்துவிட்டு, வரைபடத்தை ஸ்கிரீன் ஷாட் எடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். அண்ணன் தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு நீங்களே போகவே கூடாது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும், அனுபவமுள்ள திருடன் முதலில் செய்வதே அதுதான். மேக்புக்காக இருந்தால் நிலைமை நல்லது. ‘ஃபைண்ட் மை’ இயங்கும் 2018-க்குப் பிந்தைய மாடல்களை அழித்தாலும் உரியவரின் ஆப்பிள் கணக்கு இல்லாமல் மறுபடி பயன்படுத்த முடியாது. ஆனால் திருடுபோன மேக்கைக் கணக்கிலிருந்து நீங்களே நீக்கிவிட்டால் அந்தப் பூட்டும் திறந்துவிடும். ‘உங்கள் லேப்டாப் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் லாகின் செய்யுங்கள்’ என்று வரும் எஸ்.எம்.எஸ். அதற்கான தூண்டில்தான்.

அடுத்து வாங்கப் போகும் லேப்டாப்பில் முதல் நாளே என்க்ரிப்ஷனையும் ஃபைண்ட் மை டிவைஸையும் இயக்கிவிடுங்கள். 48 இலக்க கீயை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், லேப்டாப் பையில் அல்ல. பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்டு போட்டு, பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கும் ‘யு.எஸ்.பி. பூட்’ (boot) வசதியை அடைத்துவிட்டால் புதிதாக விண்டோஸ் போடுவதும் கடினமாகும். அந்தப் பாஸ்வேர்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். பல புதிய மாடல்களில் பேட்டரியைக் கழற்றினாலும் அது போகாது, பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்த்தான் நிற்க வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம் பேக்கப். பி.எச்.டி. படிக்கும் பெண் ஒருவர், ஹாஸ்டலில் லேப்டாப் திருடுபோய் என்னிடம் ஒரு பழைய பென் டிரைவோடு வந்தார். அதில் ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயம்தான் இருந்தது, மற்ற மூன்றும் போன லேப்டாப்பில். என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை. அன்றிலிருந்து கடைக்கு வரும் மாணவர்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்காமல் அனுப்ப மனம் வருவதில்லை. அந்த டிஸ்க்கை லேப்டாப் பையிலேயே வைத்தால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

ரயிலில் லோயர் பெர்த்துக்கு அடியில் கம்பி வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், சங்கிலி போட்டுப் பூட்டத்தான் அது. ஆனால் லேப்டாப் பையைத் தலைக்கு அடியில் வைத்து, அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு படுப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. சைடு லோயரில் நடைபாதைப் பக்கம் கால்மாட்டில் வைத்த பையை, வண்டி நிற்கும்போது இறங்குகிற கூட்டத்தோடு ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

லேப்டாப் கிடைத்துவிட்டது என்று ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் அன்றே கைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது வழக்குச் சொத்து, நீதிமன்றம் வழியாகத்தான் வரும். இடைக்காலமாகத் திருப்பித் தரக் கேட்டு மனுப் போடலாம். கைப்பற்றப்பட்ட பொருளைப் புகைப்படம் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வார். அசல் பில் கையில் இருக்கட்டும். வாங்கி வந்த பிறகு ஆசையில் உடனே மெயிலைத் திறந்துவிடாதீர்கள். நடுவில் யார் என்ன போட்டுவைத்தார்கள் என்று தெரியாது. வேண்டிய ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகே அதில் உங்கள் பாஸ்வேர்டைத் தட்டுங்கள்.