கடைசி ராத்திரி ரெக்கார்டு: மாணவர்களுக்கு எதைச் சொல்லித்தருவது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் லேப் ரெக்கார்டு, அசைன்மென்ட் எல்லாவற்றையும் கடைசி நாள் வரை இழுத்தடிக்கிறார்கள். நேர மேலாண்மை பற்றி ஒருநாள் பயிற்சி வைத்தோம். ஒரு மாற்றமும் இல்லை. சுயமேலாண்மையை எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: அந்தப் பயிற்சி பலன் தராததில் ஆச்சரியம் இல்லை. டைம்டேபிள் போட உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். வேலையை நினைத்தாலே பயமோ சலிப்போ வருகிறது. போனை எடுத்தால் அது அப்போதைக்கு அடங்கிவிடுகிறது. தள்ளிப்போடுவதன் வேர் இதில்தான் இருக்கிறது என்று ஃபுஷியா சிரோயிஸ், டிமத்தி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-ல் எழுதினார்கள். எனவே ‘சோம்பேறி’ என்று திட்டினால் பயம் கூடும், தள்ளிப்போடுவதும் கூடும்.

முதலில், எது தடுக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலத்தில் எழுதத்தான் பயம். வெள்ளைத்தாளைப் பார்த்ததும் கை நின்றுவிடும். அவர்களை முதல் வரைவைத் தமிழிலேயே எழுதிவரச் சொல்லுங்கள். விஷயம் தாளில் வந்துவிட்டால் மொழியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். குலசேகரம், அருமனைப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டிவிட்டு வகுப்புக்கு வரும் பையனின் கதை வேறு. அவனுக்கு இல்லாதது நேரம். கூடுதல் அவகாசம் கொடுப்பதுதான் நியாயம்.

அப்புறம், கற்றுத்தர வேண்டிய திறன்களில் முதலாவது, தொடக்கத்தைத் திட்டமிடுவது. “இந்த வாரம் ரெக்கார்டு எழுதணும்” என்பது வெறும் ஆசை. அதே மாணவியை இப்படி எழுதச் சொல்லுங்கள்: “சாயங்காலம் வீட்டுக்குப் போய் சாயா குடித்ததும், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முன்னறை மேஜையில் உட்கார்ந்து, மூன்றாவது பரிசோதனையின் நோக்கமும் செய்முறையும் மட்டும் எழுதுவேன்.” எப்போது, எங்கே, எதை என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. சாயா தினமும் நடப்பது. அது முடிந்ததும் வேலை தானாக நினைவுக்கு வரும். ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம், பயத்தைக் குறைப்பது அதுதான். இப்படித் திட்டமிடுவதன் பலனை 1990-களிலேயே ஆய்வுகளில் காட்டியவர் ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர்.

இரண்டாவது, கணிப்பு. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தார்கள். ஆனதோ 55 நாளுக்கும் மேல். உங்கள் பிள்ளைகளும் ரெக்கார்டின் ஓரத்தில் ‘நினைத்தது, ஆனது’ என்று இரண்டு நேரங்களைக் குறித்துவரட்டும். சில வாரங்களில் அவரவர் வேகம் அவரவருக்கே புரியும்.

கெடு வைப்பது உங்கள் பொறுப்பு. மூன்று கட்டுரைகளில் பிழை திருத்தும் வேலையை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. வாரம் ஒன்று என்று கெடு பெற்றவர்கள் அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றையும் கடைசியில் கொடுத்தால் போதும் என்ற குழு பின்தங்கியது, கெடுவைத் தாங்களே வைத்துக்கொண்டவர்கள் நடுவில் நின்றார்கள். ஆகவே செமஸ்டர் முடிவில் மொத்த ரெக்கார்டையும் கேட்காமல், வாரம் ஒரு பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடுங்கள். தேதிகளைக் குறிக்கும் முன் கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, பிள்ளைகளின் ஊர்த் திருவிழாக்கள் எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிடுங்கள். திருவிழா அன்று யாரும் ரெக்கார்டு எழுதப்போவதில்லை. அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட திட்டம்தான் நிற்கும்.

இதற்கெல்லாம் தனி வகுப்பு வேண்டாம். லேப் தொடங்கும் முன் வாரம் பத்து நிமிடம் போதும், ஆனால் செமஸ்டர் முழுக்க விடாமல் நடக்க வேண்டும்.

ஏற்கெனவே பின்தங்கியவர்களைப் பழைய பாக்கியைச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் சொன்னது. உங்களிடம் பின்தங்கியவர்களுக்கும் இந்த வாரப் பரிசோதனையிலிருந்து புதிதாகத் தொடங்கக் கையெழுத்துப் போடுங்கள். பாக்கியை வாரம் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு, பிடித்த விஷயங்களிலிருந்தும் ஒதுங்கி இருந்தால் இந்த உத்திகள் போதாது. கல்லூரி ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்; அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.