உடம்புச் சூட்டில் விரியும் உலோகம்

கேள்வி: ஐயாவுக்கு வணக்கமுங்க. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தொடை ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். “நினைவு உலோகம், தானே விரியும்” என்றார் டாக்டர். இன்ஜினியரிங் படிக்கும் என் பையன், இதை 3டி பிரிண்டரிலேயே செய்யலாம், மெஷின் வாங்கலாம் என்கிறான். நம்ம பட்டறையில் ஆகுமுங்களா?

பதில்: பையனின் ஆசையைத் தட்டிவிடாதீர்கள் தம்பி. ஆனால் ஸ்டென்டில் ஆரம்பிக்க வேண்டாம்.

அம்மாவுக்கு வைத்தது நிட்டினாலாக இருக்கும். நிக்கலும் டைட்டானியமும் அணுக்கணக்கில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. குளிரில் இதன் படிக அமைப்பு ஒன்று, அப்போது எளிதில் வளையும்; சூட்டில் வேறொன்று, அப்போது விறைத்துப் பழைய வடிவுக்குத் திரும்பும். குளிர வைத்துச் சுருக்கி, மெல்லிய குழாய்க்குள் அடைத்து அனுப்புகிறார்கள். ரத்தக்குழாய்க்குள் போய் அந்த மெல்லிய குழாயிலிருந்து வெளிவந்ததும், 37 டிகிரி ரத்தச் சூட்டில் பழைய அளவுக்கு விரிந்து நிற்கிறது. தொடை மடங்கும், அமுங்கும். அங்கே சாதாரண எஃகு நசுங்கினால் நசுங்கியதுதான். இது மீண்டு வரும்.

எந்தச் சூட்டில் மாறும் என்பது நிக்கலின் கையில் இருக்கிறது. பாதியைத் தாண்டிய நிக்கலில் 0.1 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ, மாறும் சூடு சுமார் 10 டிகிரி நகர்ந்துவிடும். இப்போது பிரிண்டருக்கு வாருங்கள். ஆர்கான் வாயு நிரப்பிய அறையில், தலைமுடியை விட மெல்லிசாகப் பொடியைப் பரப்பி, லேசரால் உருக்கி, அடுக்கு மேல் அடுக்காகக் கட்டுகிறார்கள். அந்தச் சூட்டில் டைட்டானியத்துக்கு முந்தி நிக்கல் ஆவியாகிறது. ஃபவுண்டரியில் பித்தளை உருக்கும்போது வெள்ளைப் புகையாகத் துத்தநாகம் போகுமே, அதே கதைதான். லேசர் சக்தியைக் கூட்டினாலும் ஓட்டத்தை மெதுவாக்கினாலும் நிக்கல் இன்னும் போகும், மாறும் சூடு ஏறும். 37-ஐத் தாண்டி ஏறிவிட்டால் அந்த ஸ்டென்ட் காலுக்குள் விறைத்து நிற்காது, தொய்ந்து கிடக்கும். வெர்னியரில் அளந்தால் அளவெல்லாம் சரியாகவே இருக்கும்! உலோகவியல் வகுப்பில் பிள்ளைகளிடம் நான் விடாமல் வற்புறுத்தியது இதைத்தான்: அளவு வந்துவிட்டது என்று நிறுத்தாதே, எத்தனை டிகிரியில் மாறுகிறது என்று சோதித்துப் பார்.

நிக்கல் சற்றுக் கூடுதலாக உள்ள பொடியில் தொடங்கி, அச்சிட்ட பிறகு 400, 500 டிகிரியில் சூளையில் வைத்து ஓரளவு சரிக்கட்டலாம். அப்புறமும் மேற்பரப்பு இருக்கிறது. அரைகுறையாக உருகிய பொடி ஒட்டிச் சொரசொரப்பாக இருக்கும்; விரிசல் அங்கேதான் பிறக்கும். நாடித்துடிப்பு 10 ஆண்டில் சுமார் 40 கோடி. அத்தனை அடியையும் ஸ்டென்ட்டின் மயிரிழைக் கம்பிகள் தாங்க வேண்டும். அதனால்தான் இன்றும் ஸ்டென்ட்டை இழுத்துச் செய்த குழாயிலிருந்து லேசரில் வெட்டி, மின்வேதி முறையில் பளபளப்பாக்குகிறார்கள்.

பிரிண்டருக்குப் பொருத்தமான இடம் எலும்பு. வழக்கமான டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 ஜிகாபாஸ்கல், கெட்டியான எலும்புக்கு 20-ஐ ஒட்டித்தான். பாரத்தை உலோகமே தாங்கிக்கொண்டால் எலும்பு வேலையில்லாமல் தேய்கிறது. நிட்டினாலின் விறைப்பு குறைவு. அதில் துளைத்துளையாக அச்சிட்டால் எலும்பை நெருங்கலாம், துளைக்குள் எலும்பும் வளரும். லேத்தில் இதைக் கடைய முயன்றால் டூல் முனை நிற்காது, உங்களுக்கே தெரியும். அச்சிட்ட டைட்டானிய எலும்பு உறுப்புகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அச்சிட்ட நிட்டினால் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான்.

பட்டறையில் மெஷினை இறக்குவது வேண்டாம். டைட்டானியம் கலந்த நுண்பொடி தீப்பிடிக்கும், நிக்கல் தூசு நுரையீரலுக்கு ஆகாது. உடம்புக்குள் வைக்கும் பொருளுக்கு 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமமும் வேண்டும். பையன் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக அச்சிட்டு, லேசர் சக்தியை மாற்ற மாற்ற மாறும் சூடு எப்படி நகர்கிறது என்று வரைபடம் போடட்டும். அதைப் போட்டு முடித்தவனுக்கு வேலை தேடி வரும்.

கேள்வி: கவரிங் நகை போட்டால் எனக்கு அரிக்கும். பல் சீராக்க நிக்கல் டைட்டானியம் கம்பி போடலாமா? (வாசகி, பல்லடம்)

பதில்: கவரிங் நகை அரிப்பதற்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். இந்தக் கம்பியின் மேலே டைட்டானிய ஆக்சைடு படலம் இருப்பதால் நிக்கல் மிகக் குறைவாகவே கசியும், பெரும்பாலானோருக்குத் தொந்தரவில்லை. ஆனாலும் கம்பி போடுமுன் இந்த அரிப்பைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. நிக்கல் இல்லாத டைட்டானியக் கம்பியும் இருக்கிறது.