கேள்வி – பதில்: “நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?”

தன்பாலினத் திருமணம் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிகளில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி கோபமானவை. மீதி தயங்கித் தயங்கி எழுதப்பட்டவை. சட்டத்தோடு நேரடித் தொடர்புள்ள ஐந்து கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018-இல் சொன்ன உச்ச நீதிமன்றமே, 2023-இல் அவர்களின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. குற்றமில்லை என்றால் அது உரிமைதானே? இது முரண் இல்லையா?
(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மன்னார்குடி)

ஐயா, இரண்டு வழக்குகளிலும் கேட்கப்பட்டவை வெவ்வேறு. “என் வீட்டுக்குள் போலீஸை அனுப்பாதே” என்று அரசிடம் கேட்பது ஒன்று. “என் உறவை உன் பதிவேட்டில் எழுதிக்கொள்” என்று கேட்பது இன்னொன்று. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு பற்றிய வழக்கு முதல் வகையைச் சேர்ந்தது. அந்தப் பிரிவை 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மட்டுப்படுத்தியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகு, 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயது வந்தோர் மனமொப்பி மேற்கொள்ளும் உறவுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக முடிவுசெய்தார்கள்.

2023-இல் மனுதாரர்கள் கேட்டது இரண்டாவது வகை. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வயது வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. ‘கணவன்’, ‘மனைவி’ என்ற சொற்கள் வரும் இடங்களில் ‘துணைவர்’ என்று படித்துக்கொண்டால் போதும் என்பது அவர்களின் வாதம். ஒரு சட்டத்தில் சொல்லை மாற்றினால் ஏறக்குறைய 160 சட்டப் பிரிவுகளில் குழப்பம் வரும் என்றது மத்திய அரசு. பத்து நாள் வாதத்துக்குப் பிறகு, அக்டோபர் 17-ஆம் தேதி, அரசியலமைப்பில் திருமணத்துக்கென்று அடிப்படை உரிமை இல்லை என்பதிலும், இந்தச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது என்பதிலும் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். திருமணம் என்ற பெயரில்லாவிட்டாலும் இணையருக்கு ஏதேனும் ஓர் அங்கீகாரம் தர அரசு கடமைப்பட்டிருக்கிறதா என்பதில்தான் பிளவு. ‘ஆம்’ என்றவர்கள் தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி கௌல் இருவர் மட்டுமே. நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் ‘இல்லை’ என்றார்கள். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

ஆகவே கண்டிப்பான தர்க்கப்படி முரண் இல்லை. ஆனால் என் கருத்தைக் கேட்டால், பெரும்பான்மைத் தீர்ப்பு தன் வாதத்தைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது. சேர்ந்து வாழ்வது இவர்களின் உரிமை என்று அதுவும் ஒப்புக்கொள்கிறது. சேர்ந்து வாழ்வதற்குத் தேவையான காகிதங்களைத் தருவது அரசின் கடமையல்ல என்கிறது. அந்தக் காகிதம் இல்லாமல் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

கேள்வி: நானும் என் தோழியும் பதினொரு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். சென்ற ஆண்டு அவளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது மருத்துவமனைப் படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘அக்கா’ என்று எழுதினேன். ஆதாரில் அப்பா பெயர் வேறாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “ரத்த உறவு யாரையாவது வரச் சொல்லுங்கள்” என்றார்கள். அவள் வீட்டாரோடு பேச்சு இல்லை. எங்களுக்குச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா?
(வாசகி, மதுரை)

அம்மா, முதலில் ஒன்று. சுயநினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் சம்மதம் அவருடைய சம்மதம்தான். உறவினரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. உச்ச நீதிமன்றம் 2008-லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடுத்த முறை உங்கள் தோழி, தன் சார்பில் தகவல் பெறவும் முடிவெடுக்கவும் உங்களுக்கு அதிகாரம் அளிப்பதாகக் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, மருத்துவமனையில் சேரும்போதே கோப்பில் வைக்கச் சொல்லட்டும். பொய்யாக ‘அக்கா’ என்று எழுத வேண்டாம். பின்னால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். மனநலச் சிகிச்சையைப் பொறுத்தவரை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமானது. வயது வந்த யாரையும், உறவுமுறை எதுவும் இல்லாவிட்டாலும், வெள்ளைத்தாளில் எழுதித் தன் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ளலாம்.

அடுத்தது சொத்து. திருமணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தானாலும், பிள்ளைகள் இல்லாத நிலையில், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி தாய் தந்தையருக்கும், அவர்களும் இல்லாவிட்டால் தந்தையின் வாரிசுகளுக்கும் போய்விடும். பதினொரு ஆண்டுகள் சேர்ந்து தவணை கட்டிய வீடாக இருந்தாலும், பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் நீங்கள் அந்த வீட்டில் மூன்றாம் மனிதர். ஆகவே இருவரும் தனித்தனியே உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் பேச்சில்லாத வீட்டார் வழக்குப் போடத்தான் வருவார்கள். வங்கிக் கணக்கில் நாமினியாகப் போட்டுவிட்டோமே என்று இருந்துவிட வேண்டாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் வாரிசுதான். பலர் இடறும் இடம் இது. பொது அதிகாரப் பத்திரமும் கொடுத்தவர் இறந்த நொடியில் செல்லாக்காசாகிவிடும்.

2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், தன்பாலின இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று விளக்கம் அளித்தது. குடும்ப அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதும்படியும், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ள அனுமதிக்கும்படியும் மாநிலங்களுக்குக் கடிதங்கள் போயின. இவை கடிதங்கள், சட்டங்கள் அல்ல. உங்கள் ஊர் வழங்கல் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் கேள்விப்படாதவர் உட்கார்ந்திருந்தால், நகல் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

காகிதத்தால் அடைக்க முடியாத ஓட்டைகளும் உண்டு. கணவன் மனைவிக்குத் தரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. நீங்கள் உங்கள் தோழிக்கு ஒரே ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், அந்தத் தொகை முழுவதும் அவருடைய வருமானத்தில் சேரும். அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம் இணையருக்குக் கிடையாது. உயில், நியமனக் கடிதம், கூட்டுக் கணக்கு என்று நான் மேலே அடுக்கியவற்றை எல்லாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட்ட கணவனும் மனைவியும் கேட்காமலேயே பெற்றுவிடுகிறார்கள். இந்த விவாதத்தில் ‘திருமணம்’ என்ற சொல்லின் கனம் அவ்வளவும் இதில்தான் இருக்கிறது. இரு இணையர் எழுதிக்கொள்ளும் ‘குடும்ப உறவு ஒப்பந்தத்தை’ அங்கீகரிக்கும் திட்டத்தைப் பரிசீலிக்குமாறு 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசுக்கு யோசனை கூறியது. அது நடைமுறைக்கு வந்தால், உங்களைப் போன்றவர்களுக்குப் பாதிச் சுமை குறையும்.

கேள்வி: இதை அனுமதித்தால் நாளை கோயிலிலும் சர்ச்சிலும் நடத்திவைக்கக் கட்டாயப்படுத்த மாட்டார்களா? திருமணம் ஒரு சம்ஸ்காரம் அல்லவா?
(வாசகர், கும்பகோணம்)

கட்டாயப்படுத்த முடியாது, மனுதாரர்கள் அதைக் கேட்கவும் இல்லை. விசாரணையின் தொடக்கத்திலேயே மதம் சார்ந்த தனிநபர் சட்டங்களுக்குள் போகமாட்டோம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேச்சு முழுவதும் புரோகிதரே இல்லாத சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றித்தான். வெளிநாடுகளிலும் இந்த வேலியைப் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்துத் திருச்சபையை இதிலிருந்து பெயர் சொல்லியே விலக்கிவைத்தது.

‘சம்ஸ்காரம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியதால் நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் புரோகிதர் இல்லாத திருமணத்தை நடத்திவைத்தபோது, அதுவும் ‘திருமணமே அல்ல’ என்றுதான் சொல்லப்பட்டது. ஊர் வம்பாக மட்டும் அது நிற்கவில்லை. அக்கினி வலமும் ஏழடியும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அப்படி மணந்துகொண்ட ஆயிரக்கணக்கானோரின் மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் இல்லை. பிள்ளைகள் முறையான வாரிசுகள் இல்லை. அண்ணா முதலமைச்சரான 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு தமிழகத்துக்கென்று சேர்க்கப்பட்டது. மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்றது அது. முன்பே நடந்த திருமணங்களுக்கும் சேர்த்தே செல்லுபடி கொடுத்தது. தாத்தா பாட்டியின் திருமணப் படத்தில் மாலையும் ஒலிபெருக்கியும் இருந்து ஓமகுண்டம் இல்லையென்றால், அந்தப் பிரிவின் பயனை உங்கள் குடும்பமும் அனுபவித்திருக்கிறது.

இரண்டும் ஒன்றே என்று சொல்லவில்லை. சுயமரியாதைத் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதுதான். ஆனால் எந்தச் சேர்க்கை திருமணம் என்பதைச் சட்டம் நம் கண்முன்பே ஒருமுறை மாற்றி எழுதியிருக்கிறது. அதனால் எந்தக் கோயிலிலும் எந்தச் சடங்கும் நின்றுவிடவில்லை.

கேள்வி: மக்களில் பெரும்பாலோர் விரும்பாத ஒன்றை நீதிமன்றம் ஏன் திணிக்க வேண்டும்? வாக்கெடுப்பு நடத்தட்டுமே?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

நடத்திப் பார்த்த நாடுகள் உண்டு. அயர்லாந்தில் 2015-இல் வாக்களித்தவர்களில் 62 சதவிகிதத்தினர் ஆதரித்தார்கள். தைவானில் கதை வேறு. 2017 மே மாதத்தில் அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம், இரண்டு ஆண்டுகளுக்குள் சட்டம் இயற்ற வேண்டும் என்று கெடு விதித்தது. 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். நாடாளுமன்றம் இரண்டுக்கும் மதிப்புக் கொடுத்து, உரிமையியல் சட்டத்தைத் தொடாமல் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2019 மே 24-ஆம் தேதி பதிவுகள் தொடங்கின. தாய்லாந்தில் நாடாளுமன்றமே முன்வந்து சட்டம் இயற்றி, 2025 ஜனவரி 23 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. நீதிமன்றம், மக்கள் மன்றம் இரண்டில் ஏதேனும் ஒன்றுதான் என்று இல்லை.

தம்பி, உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நீதிபதிகள் எழுதும் சட்டத்தைவிடச் சட்டமன்றம் எழுதும் சட்டத்துக்கு வேர் ஆழம். 1967-ஆம் ஆண்டுத் திருத்தமே அதற்கு உதாரணம். ஆனால் 1928-இலிருந்து 1967 வரை எத்தனை ஆண்டுகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 39 ஆண்டுகளில் சொத்து வழக்குகளில் தோற்ற பெண்களிடம் “பெரும்பான்மை மனம் மாறும்வரை பொறுத்திருங்கள்” என்பதைத் தவிர நாம் என்ன சொல்லியிருக்க முடியும்? அடிப்படை உரிமை என்று ஒரு பட்டியலை அரசியலமைப்பில் வைத்திருப்பதே, சில விஷயங்களில் எண்ணிக்கையைக் கேட்கக் கூடாது என்பதால்தான். எந்த விஷயங்கள் அந்தப் பட்டியலில் சேரும் என்பதில் நியாயமானவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம்.

கேள்வி: 23 வயதான என் மகள், தனக்கு ஆண்கள்மேல் நாட்டமில்லை என்றும் ஒரு பெண்ணை விரும்புவதாகவும் சொல்லிவிட்டாள். உறவினர் ஒருவர் இதைக் குணப்படுத்தும் மருத்துவர் இருப்பதாகச் சொல்கிறார். அழைத்துப் போகலாமா? சீக்கிரம் கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா?
(ஒரு தாய், ஈரோடு)

அழைத்துப் போக வேண்டாம், அம்மா. பாலின நாட்டத்தை மாற்றுவதாகச் சொல்லி அளிக்கப்படும் ‘சிகிச்சை’ தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய சிகிச்சையைத் தடைசெய்து உத்தரவிட்டிருந்தார். பெற்றோர் கொடுத்த புகாருக்குப் பயந்து மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. தீர்ப்பு எழுதுவதற்குமுன், இந்த விஷயத்தில் தமக்கே புரிதல் போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் அமர்ந்து பேசிவிட்டு வந்ததை அவரே உத்தரவில் பதிவு செய்திருக்கிறார். ஆலோசகரிடம் போவதென்றால், மகளை மாற்றுவதற்காக அல்லாமல், அந்த நீதிபதியைப் போல உங்களுக்காகப் போங்கள்.

இரண்டாவது கேள்விக்குச் சட்டத்தின் பதில் சுருக்கமானது. வயது வந்த மகளை அவள் விருப்பத்துக்கு மாறாக வீட்டில் வைத்திருக்கவோ மணம் முடிக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. 2025 மே மாதம், பெற்றோர் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், லட்சுமி நாராயணன் அமர்வு அவர் விருப்பப்படியே போக அனுமதித்தது. குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும், தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பம் என்ற கருத்து நீதிமன்றங்களில் ஏற்கப்பட்டுவிட்டது என்றும் அதில் கூறியிருக்கிறார்கள்.

மகள் இப்போதெல்லாம் இரவில் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். தரகரிடம் கொடுத்திருக்கும் ஜாதகத்தை முதலில் திரும்ப வாங்கிவிட்டு, வாங்கிவிட்டதாக அவளிடம் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அதற்குப் பிறகு கேட்கலாம்.