மூன்று துறைகளுக்கு ஓர் ஆய்வுக் கட்டடம்: துறைப்படி பிரிக்கலாமா?

திருகோணமலையிலுள்ள உயர்கல்வி வளாகமொன்றின் கட்டடக் குழுவில் இருக்கும் விரிவுரையாளர் ஒருவர் கேட்கிறார்: "நிலாவெளிப் பக்கம், கடலுக்கு அருகே, இரசாயனவியல், உயிரியல், கணினி அறிவியல் ஆகிய மூன்று துறைகளுக்கும் பொதுவாக இரண்டு மாடி ஆய்வுக் கட்டடமொன்று கட்டவிருக்கிறோம். முதல் வரைபடத்தில் ஒவ்வொரு துறைக்கும் தனிப் பகுதியும் தனி வாசலும் உள்ளன. இதை ஏற்கலாமா?"

ஏற்க வேண்டாம். துறைப்படி பிரித்த கட்டடத்தில், எல்லாருக்குமென வாங்கிய விலையுயர்ந்த கருவி விரைவிலேயே ஏதோ ஒரு துறையின் பூட்டுக்குள் போய்விடும். செய்யும் வேலையின் தன்மையைக் கொண்டு பிரியுங்கள்: நீர், அமிலம், வாயு வேண்டிய வேலைகள் எந்தத் துறைக்குரியவையானாலும் ஒரு பக்கம், மேசையும் கணினியும் போதுமானவை மறுபக்கம், பொதுக் கருவியறை, படிக்கட்டு, தேநீர் குடிக்கும் இடம் ஆகியவை நடுவில். இருக்கைகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூட ஆய்வாளர்கள் பேசிக்கொள்வது வெகுவாகக் குறைகிறது என்பதையும், ஏறத்தாழ 50 மீற்றருக்கு அப்பால் அது மிகவும் அருகிவிடுகிறது என்பதையும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் தோமஸ் அலன் 1970களில் காட்டினார்.

அடுத்தது குழாய்களும் காற்றுவழிகளும். சுவர்களைவிட இவையே ஆய்வுக் கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன, ஏனெனில் ஆய்வின் தேவை சில ஆண்டுகளில் மாறிவிடும், கொங்கிறீற்றோ மாறாது. கலிபோர்னியாவின் சோல்க் உயிரியல் ஆய்வு நிறுவனத்தை வடிவமைத்த கட்டடக்கலைஞர் லூயி கான், ஒவ்வோர் ஆய்வுகூடத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்றே ஒரு முழுத் தளத்தை ஒதுக்கினார். உங்கள் நிதிக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் தளத்துக்குத் தளம் 4.2 மீற்றருக்குக் குறையாத உயரமும், குழாய்கள் மேலேறிச் செல்லக் கூரைவரை நீளும் அகலமான குழாய்க்கூடும், உட்கூரை போட்டு மூடிமறைக்காத திறந்த குழாய்களும் அதே பயனைப் பெருமளவு தரும். தூண்களை 6.6 மீற்றர் இடைவெளியில் நிறுத்தினால், இரு ஆய்வு மேசை வரிசைகளையும் நடைபாதைகளையும் வேண்டியபோது மாற்றி அமைக்கலாம். நச்சு ஆவியை உறிஞ்சும் பெட்டிகளை இரு தளங்களிலும் ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்று வரும்படி ஒரே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். அவை ஒவ்வொன்றும் குளிரூட்டிய காற்றை இடைவிடாமல் வெளியே தள்ளுவதால், எண்ணிக்கை கூடும்போது மின்கட்டணமும் கூடவே ஏறும். வாடையிலும் (வடகிழக்குக் காற்று) கச்சானிலும் (தென்மேற்குக் காற்று) காற்று நேரெதிர்த் திசைகளில் வீசுமாகையால், இந்தப் பெட்டிகளின் புகைபோக்கிகள் கூரைக்கு மேல் நன்கு உயர்ந்து, காற்று உள்ளெடுக்கும் வாய்களிலிருந்து எந்தப் பருவத்திலும் விலகியிருக்க வேண்டும்.

நடைவழிகளைக் கட்டடத்தின் நடுவில் இருட்டாக அடைக்காமல், வெளிப்புற விறாந்தைகளாக்குங்கள். அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலுள்ள கிளார்க் மையம் என்ற ஆய்வுக் கட்டடத்தில் (2003) வெளிமாடங்களே நடைவழி, மேசைகளும் நகர்த்தக்கூடியவை. திருகோணமலையில் விறாந்தைக்கு இன்னொரு பயனும் உண்டு: ஆய்வுகூடச் சுவரில் வெயில் நேரே படாது. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். நம் அகலக்கோடு ஏறத்தாழ 8.5 பாகை என்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதிவரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குச் சுவருக்கும் இறவாரம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உப்புக்காற்றை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எதிர்கொள்ள வேண்டும். கொங்கிறீற்று கலக்கவும் நனைக்கவும் உவர்க் கிணற்று நீரை அனுமதிக்காதீர்கள். வெளியே தெரியும் உறுப்புகளில் இரும்புக் கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீற்று மூடல் கேளுங்கள். குளிரூட்டிகளின் வெளி அலகுகளைக் கடற்பக்கத்தில் வைக்க விடாதீர்கள். அதிர்வைத் தாங்காத நுண்ணோக்கிகள் நிலத்தளத்தில், மின்பிறப்பாக்கிக்குத் தொலைவில் இருக்கட்டும். மின்வெட்டிலும் ஓடவேண்டிய ஆழ்குளிர்ப்பெட்டிகளுக்கு மின்பிறப்பாக்கியிலிருந்து தனி இணைப்பு வேண்டும்.

வரைபடத்தில் கையொப்பமிடுமுன், குழாய்களும் காற்றுவழிகளும் மட்டும் வரையப்பட்ட குறுக்குவெட்டுப் படமொன்றைக் கட்டடக்கலைஞரிடம் கேட்டுப் பெறுங்கள். பொதுக் கருவியறையின் சாவி, பராமரிப்புச் செலவு, பயன்பாட்டு நேரம் ஆகியவை யார் பொறுப்பு என்பதை மூன்று துறைத் தலைவர்களும் அதே கூட்டத்தில் எழுத்தில் தீர்மானித்துக்கொள்ளட்டும்.