ஆதியாகமம் 1, 2 முரண்படுகிறதா?

வணக்கம். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் படைப்புக் கதை இரண்டு முறை வருகிறது. முதல் அதிகாரத்தில் செடி, விலங்கு, பிறகு மனிதன். இரண்டாவதில் மனிதன்தான் முதலில். மொழிபெயர்ப்புப் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, எபிரேய மூலத்திலேயே அப்படித்தான்.

2:4-இன் (இரண்டாம் அதிகாரம், நான்காம் வசனம்) நடுவில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு முன் 'எலோஹிம்' (தேவன்) மட்டும், 35 முறை. அதற்குப் பின் 'தேவனாகிய கர்த்தர்'. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த வசனத்தின் இரு பாதிகளையும் ஒரே வாக்கியமாக்கிவிட்டதால் இரண்டு கதைகளும் இணையும் தையல் தெரிவதில்லை. பிறகு 2:7 மனிதன், 2:9 மரங்கள், 2:19 விலங்குகள், 2:22 பெண் என்று வரிசையாகப் பாருங்கள்.

பெயரை மட்டும் நம்பி வெவ்வேறு மூலங்களாக (தனித்தனியே எழுதப்பட்டுப் பின் இணைக்கப்பட்ட பகுதிகளாக) பிரிக்காதீர்கள், அங்கேதான் பலர் தவறுகிறார்கள். 3:1-5இல் பாம்பும் பெண்ணும் 'தேவன்' என்றே பேசுகிறார்கள். அது வேறு மூலம் அல்ல. வரிசை, நடை, பெயர் மூன்றும் சேர்ந்து மாறும் இடமே சான்று.

1753இல் ஜான் அஸ்த்ருக் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தப் பெயர் வேறுபாட்டை வைத்தே மூலங்களைப் பிரித்துக் காட்டினார். யூத உரையாசிரியர் ராஷியோ, முதலில் பொதுவாகச் சொன்னதை அடுத்த அதிகாரம் விரிக்கிறது என்கிறார். 2:19இன் வரிசைக்கு வெவ்வேறு மூலங்கள் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் ராஷியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், நிதானமாகப் படியுங்கள்.