பண்டிகை விருந்தும் சிறிய இரைப்பையும்

கேள்வி: எனக்கு வயது 41. ஒன்பது மாதங்களுக்கு முன் எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 112 கிலோவாக இருந்த எடை இப்போது 79 கிலோ. சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளையும் டாக்டர் நிறுத்திவிட்டார். சிகிச்சை பற்றி என் கணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சென்ற மாதம் உறவினர் வீட்டு விசேஷத்தில், வற்புறுத்தலைத் தட்ட முடியாமல் ஓர் இனிப்பை முழுதாகச் சாப்பிட்டுவிட்டேன். அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, வயிற்றைப் பிசைந்தது. ஓர் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். அடுத்த மாதம் பண்டிகைக்கு மாமியார் வீட்டில் எல்லோரும் நான்கு நாட்கள் கூடுகிறோம். போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. கணவரோ, “பண்டிகையன்று ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது” என்கிறார். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பண்டிகைக்குக் கட்டாயம் போங்கள். உறவினர்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசவும், வீட்டுக் குழந்தைகளின் பின்னால் மூச்சு வாங்காமல் ஓடவும் உங்களால் இப்போது முடிகிறது. அந்த மகிழ்ச்சியைச் சாப்பாட்டுக்குப் பயந்து விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அன்று உங்கள் உடலில் என்ன நடந்தது என்பது விளங்கிவிட்டால் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

பைபாஸ் சிகிச்சையில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் பிரித்து, சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாக அமைத்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். முன்பு உங்கள் இரைப்பை உணவைக் கூழாக அரைக்கும். அதன் அடிவாயிலில் இருக்கும் தசை வளையம் அந்தக் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடும். இப்போது உணவு செல்லும் வழியில் அந்த வளையம் இல்லை. அதனால் சர்க்கரை மிகுந்த பண்டம் ஒரே மூச்சில் சிறுகுடலுக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் செறிவைச் சமன்செய்ய இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. குடல் உப்பி வலிக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, வியர்க்கிறது, சிலருக்கு வயிற்றுப்போக்கும் வந்துவிடுகிறது. இதை மருத்துவர்கள் டம்பிங் என்பார்கள். பெரும்பாலும் சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் தொடங்கும். படுத்து ஓய்வெடுத்தால் சிறிது நேரத்தில் தானே அடங்கும். உங்கள் கடிதத்தில் உள்ள விவரம் இதோடு அப்படியே பொருந்துகிறது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பலரும் அதை அடையாளம் காண்பதில்லை. சர்க்கரை மளமளவென்று இரத்தத்தில் ஏறுவதால் உடல் தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரந்துவிடும். அதன் விளைவாக, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, கை நடுக்கம், தலைச்சுற்றல், குழப்பம், அடங்காத பசி ஆகியவை வரும். விருந்து முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போது இது நேர்ந்தால் ஆபத்து. சர்க்கரை நோய் இருந்தவர் என்பதால் இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி உங்களிடம் இருக்கும். அதைப் பெட்டியில் எடுத்துவையுங்கள். இத்தகைய நடுக்கத்தின்போது அளவு 70-க்குக் கீழே இருந்தால், சிறிதளவு குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, சற்று நேரத்தில் புரதம் உள்ள ஏதாவது சாப்பிடுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

டம்பிங் வந்ததை ஒரு தண்டனையாக நினைத்து மனம் குன்றவேண்டாம். அதே சமயம் அதை ஒரு காவலாகவும் நம்பவேண்டாம். பைபாஸ் செய்துகொண்ட எல்லோருக்கும் அது வருவதில்லை. வந்தவர்களுக்கும் காலப்போக்கில் குறைவதுண்டு. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றும் ஸ்லீவ் சிகிச்சையில் அடிவாயில் வளையம் அப்படியே இருப்பதால், அதைச் செய்துகொண்டவர்களில் பலரால் இனிப்பை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட முடிகிறது. தொந்தரவு இல்லை என்பதாலேயே எடை மெல்லத் திரும்புகிறது. இதைப் படிக்கும் ஸ்லீவ் சிகிச்சைக்காரர்களும் இதை மனத்தில் கொள்வது நல்லது.

உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். விருந்தன்று ஒரு வேளை சற்றுக் கூடக்குறைய ஆகிவிட்டால் ஒன்பது மாத உழைப்பு வீணாகிவிடாது என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் போவது ஒரு வேளைக்கு அன்று, நான்கு நாட்களுக்கு. நான் அஞ்சுவது பெரிய விருந்தைப் பற்றி அல்ல. விருந்துக்கும் விருந்துக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பற்றித்தான். விருந்தில் உங்கள் சிறிய பையே உங்களை நிறுத்திவிடும். கூடத்து மேசையில் நாள் முழுதும் திறந்தே கிடக்கும் பலகாரத் தட்டு அப்படி நிறுத்தாது. அந்தப் பக்கம் போகும்போது ஒன்று, பேச்சுக்கு நடுவே இரண்டு, யாரோ நீட்டியதற்காக இன்னொன்று என்று கை தானாகப் போய்க்கொண்டிருக்கும். மொறுமொறுப்பான பண்டங்களும் பிஸ்கட்டும் இனிப்பும் வாயில் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவதால் வயிறு நிறைந்த உணர்வே வராது. பத்து நிமிடத்தில் அடுத்ததற்கு இடம் இருக்கும். ஒரு துண்டு இறைச்சியை முழுதாகச் சாப்பிட முடியாத அதே வயிற்றுக்குள் மாலைக்குள் ஒரு தட்டுப் பலகாரம் போயிருக்கும். சிகிச்சைக்குப் பின் எடை திரும்பியவர்களிடம் பேசும்போது பெரும்பாலும் இந்தக் கொறிக்கும் பழக்கம்தான் வெளிவருகிறது. ஆகவே இந்த நான்கு நாட்களுக்கு உங்களுக்கு நான் சொல்லும் ஒரே கண்டிப்பான விதி இதுதான்: உணவை உட்கார்ந்து, தட்டில் போட்டு, குறித்த வேளையில் மட்டும் சாப்பிடுங்கள். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் எதையும் வாயில் போடாதீர்கள்.

மதியம் பெரிய விருந்து என்பதால் காலையில் பட்டினி கிடக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. உங்களுக்கு அது ஒத்துவராது. பசியோடு உட்கார்ந்தால் வேகமாகச் சாப்பிடுவீர்கள். வேகமாகச் சாப்பிட்டால் உணவு அடைத்துக்கொள்ளும். காலையில் முட்டை, தயிர், வேகவைத்த பயறு என உங்களுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட புரத உணவு எதையாவது வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுங்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்ற இலக்கைப் பண்டிகை நாளிலும் விடக்கூடாது; எடை வேகமாகக் குறையும் இந்தக் கட்டத்தில் தசை கரையாமல் காப்பது அதுதான். தண்ணீரைக் காலை முதலே சிறு மடக்குகளாகக் குடித்து வாருங்கள். சாப்பிடும்போதும், சாப்பிட்ட பின் அரை மணி நேரமும் குடிக்காதீர்கள்.

இனி தட்டு. சின்னத் தட்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு வைக்கும் அளவு போதும். முதலில் மீன், மென்மையாக வெந்த இறைச்சி, முட்டை, பருப்பு இவற்றில் எது இருக்கிறதோ அது. அடுத்து வெந்த காய்கறி. இடம் மிஞ்சினால் மட்டும் ஓரிரு வாய் சோறோ ரொட்டியோ. சுண்டுவிரல் நகமளவு துண்டாக்கி வாயில் போட்டு, கூழாகும் வரை மென்று, விழுங்கியபின் கரண்டியைத் தட்டில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பிறகு மறுபடியும் கரண்டியை எடுங்கள். இப்படிச் சாப்பிட்டால் நாலைந்து ஸ்பூன் உணவுக்கும் இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். பந்தியில் எல்லோரும் எழும் நேரத்தில்தான் நீங்களும் எழுவீர்கள், யாரும் உங்கள் தட்டை எட்டிப் பார்க்க மாட்டார்கள். மார்புக்கு நடுவே ஒரு அழுத்தம், திடீரென்று ஒரு விக்கல் அல்லது தும்மல், மூக்கில் நீர் கோத்தல் என்று ஏதாவது தோன்றினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். இவையெல்லாம் பை நிறைந்துவிட்டது என்பதற்குப் பலரும் காணும் அடையாளங்கள். அதற்குப்பின் வைக்கும் ஒரு வாய்தான் நெஞ்சில் அடைத்து, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, வாந்தியில் முடியும். காய்ந்த இறைச்சியும் மாவு போல ஒட்டும் ரொட்டியும் அடைப்பதில் முதலிடம் பிடிப்பவை.

இனிப்பைப் பொறுத்தவரை, சென்ற மாத அனுபவத்துக்குப்பின் உங்களுக்கு என் விருப்பம், இந்தப் பண்டிகையில் அதைத் தொடாமல் இருப்பதே. தேன் சேர்த்தது, பழச்சர்க்கரை சேர்த்தது என்று எந்தப் பெயரில் வந்தாலும் குடலுக்கு அது சர்க்கரைதான். மனம் கேட்கவில்லை என்றால், புரதத்தோடு முழு உணவு முடித்தபின் ஒரு கடி மட்டும். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். இனிப்பூட்டிய பானங்களும் பழச்சாறும் திட இனிப்பைவிட வேகமாக இறங்குபவை, அவை கூடாது. காற்றடைத்த குளிர்பானம் பையை உப்பவைத்து வலி கொடுக்கும். மது பரிமாறப்படும் வீடாக இருந்தால், பைபாஸுக்குப் பின் மது மிக விரைவில் இரத்தத்தில் ஏறி, முன்பைவிடக் குறைந்த அளவிலேயே போதை உச்சத்துக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். சிகிச்சைக்குப் பின் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது என்பதால், தவிர்த்துவிடுங்கள் என்றே எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

உறவினர்களிடம் என்ன சொல்வது என்பது உங்களுக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய கவலை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. சிகிச்சையைப் பற்றி ஊருக்கே சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, உடல் உங்களுடையது. ஆனால் நான்கு நாட்கள் தங்கப்போகும் வீட்டில், சமையலையும் பரிமாறுவதையும் கையில் வைத்திருக்கும் மாமியாருக்கு மட்டுமாவது தெரிந்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். நீங்கள் சொல்லத் தயங்கினால், கணவர் பண்டிகைக்கு முன்பே தம் அம்மாவிடம் தனியாகப் பேசட்டும்: “அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது அம்மா, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும், இனிப்பு ஒத்துக்கொள்ளாது, வற்புறுத்த வேண்டாம்.” இவ்வளவு போதும். மாமியாரே “அவளுக்கு நான் பார்த்து வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டால், மற்றவர்களின் வற்புறுத்தல் அங்கேயே நின்றுவிடும். மற்றவர்களுக்கு, “இப்போதுதான் சாப்பிட்டேன் அத்தை, வயிறு நிறைந்துவிட்டது” என்ற ஒரே வாக்கியத்தைச் சிரித்த முகத்தோடு திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நீளமான விளக்கம் கொடுத்தால் அது விவாதத்துக்கு இடம் கொடுக்கும். “இளைத்துப் போய்விட்டாயே, முகமே வாடிவிட்டதே” என்பவர்களுக்குப் பதில் சொல்லவே வேண்டாம்.

மருந்துப் பையை மறந்துவிடாதீர்கள். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் குடலின் முன்பகுதியை உணவு இப்போது தொடாமலே போவதால், வைட்டமின் மாத்திரைகள் உங்களுக்கு ஆயுள் முழுதும் தேவை. கால்சியத்தையும் இரும்பையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு எடுங்கள். அலைச்சலில் தலைவலி, மூட்டுவலி என்றால் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பையும் குடலும் இணைந்த இடத்தில் புண் உண்டாக்கும் தன்மை அவற்றுக்கு உண்டு. பாராசிட்டமால் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் எடை ஒன்றிரண்டு கிலோ கூடியிருந்தால் கலங்கவேண்டாம். உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைக்கும் நீர்தான் அதில் பெரும்பகுதி. வழக்கமான உணவுக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

கடைசியாக, இதை உங்கள் கணவரும் படிக்கட்டும். டம்பிங் வேறு, அவசரச் சிகிச்சை தேவைப்படும் வலி வேறு. பைபாஸின்போது குடலை மாற்றி இணைப்பதால் வயிற்றுக்குள் சிறு இடைவெளிகள் உண்டாகும். எடை குறையக் குறைய உள்கொழுப்பு கரைந்து அவை பெரிதாகும். அவற்றுக்குள் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழித்தும் இருக்கிறது. எனவே அடங்காத கடும் வயிற்றுவலி, விட்டு விட்டு வரும் கடும் வலி, இரத்த வாந்தி, கறுத்த மலம் இவற்றில் எது வந்தாலும் பண்டிகை நாளென்று தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நாளுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டாலும் அப்படியே. அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் உங்களை முதன்முறையாகப் பார்ப்பவராக இருப்பார். அவரிடம் பைபாஸ் சிகிச்சை விவரத்தை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும், தொடர் வாந்தி என்றால் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயாமின் என்ற பி1 வைட்டமின் கொடுக்க வேண்டுமா என்று கேட்கவும் வேண்டும். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால் அதைச் சொல்லவேண்டியவர் உங்கள் கணவர்தான். உங்கள் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலையும் அறுவை சிகிச்சை நிபுணரின் தொலைபேசி எண்ணையும் இப்போதே கணவருடைய கைபேசியில் சேமித்து வைத்துவிடுங்கள்.